தறியருகே எண்ணெய் ஆகாது

வள்ளிக்கு அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை. நோய் என்று நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் கட்டுகிற கயிற்றை மாதம் போகப் போகத் தளர்த்திக்கொண்டே வருவோம். இடுப்பு தடிக்கும், கயிறு அழுத்தும், முடிச்சை அவிழ்த்து ஒரு விரல் விட்டுக் கட்டுவோம். வள்ளிக்குக் கட்டியிருந்தது, அறுந்த பட்டு நூலைக் கறுப்புச் சாயத்தில் முக்கி நானே முறுக்கிய கயிறு. அவளுக்கு ஒரு வயது முடிந்த கொஞ்ச நாளில், தூக்கி இடுப்பில் வைத்தபோது அது நழுவித் தொடைக்கு வந்துவிட்டது. கயிறு நைந்து நீண்டிருக்கும் என்று நினைத்து இறுக்கிக் கட்டினேன். பட்டு நூல் அப்படி நீளாது என்று எனக்குத் தெரியாதா? பாவாடை கட்டிய காலத்திலிருந்து அந்த நூலோடுதான் கிடக்கிறேன். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த மாதமும் இறுக்கினேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே கூடம். கூடம் என்றால் தறிதான். மனிதர்கள் மிச்ச இடத்தில் இருந்துகொள்ள வேண்டும். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு வள்ளியின் அப்பா ஏகாம்பரம் உட்காருவார். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டை) மூன்று ஓட வேண்டும். இரண்டை அவர் பார்த்துக்கொள்வார். வலப்பக்கக் கரைக்கு உள்ளதைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஆள் நான். நான் எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அவர் ஒரு பார்வை பார்ப்பார், அதைச் சொல்லாமல் விடுவது நல்லது.

வள்ளி என் முட்டியை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். தவழ்ந்து எங்கும் போகமாட்டாள், நூலை இழுக்கமாட்டாள், அழமாட்டாள். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் கன்னியம்மா வரும்போதெல்லாம் அதைச் சொல்லி வியந்துபோவார்.

"குடுத்து வச்சவம்மா நீ. வச்ச எடத்துல வச்ச மாதிரி இருக்குது பாரு. எங்க வூட்ல ஒண்ணு ஒண்ணும் குரங்கு."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அழாத பிள்ளையைச் சமர்த்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் வீட்டில் ஒரு வயதுப் பிள்ளை வைத்த இடத்தில் அசையாமல் இருந்தால் தயவுசெய்து பெருமைப்படாதீர்கள். அதற்கு நகர உடம்பில் வலு இல்லை என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். தாய்ப்பால் குறைந்து, பிறகு நின்றேபோனது. முகம் ஒடுங்கி, கன்னம் உள்ளே போய், வள்ளி ஒரு சின்னக் கிழவியைப் போல ஆனாள். முடி செம்பட்டை பாய்ந்தது. தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பட்சி தோஷம் என்றார்கள், தாயத்து கட்டினோம். கண் பட்டது என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டோம். அடுப்பில் போட்ட மிளகாய் கமறவே இல்லை, பார் எத்தனை கண் என்றார் கன்னியம்மா. கமறினால் மட்டும் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது என் பிடிவாதத்தால்தான். அங்கே எடை போடுவார்கள் என்று தெரிந்ததும் கன்னியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"புள்ளையப் போயி தராசுல வைக்கலாமா? தேஞ்சிபூடும் தனம், சொன்னா கேளு."

"தேயறதுக்கு இன்னும் இன்னா அண்ணி பாக்கி இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினேன்.

எங்கள் தெருவில் பட்டை எடை போடுவோம், சரிகையை எடை போடுவோம், முடித்த புடவையை முதலாளி வீட்டில் எடை போட்டு வாங்குவார்கள். மயிரிழை குறைந்தாலும் சண்டை வரும். பிள்ளையை மட்டும் எவரும் போட்டதில்லை. அதனால் பிள்ளை குறைந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மேலே ஒரு கொக்கியில் தொங்கிய துணித்தொட்டிலில் வள்ளியைப் போட்டார்கள். முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. டாக்டரம்மா எண்ணைப் படித்ததை நான் கேட்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வள்ளியின் மேற்கையைச் சுற்றிப் பிடித்தார். விரல்கள் தொட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தொடைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது.

"இதுக்குச் சவலைன்னு பேரு" என்றார். சவலை (தாய்ப்பால் நின்று, அதற்கு ஈடான ஆகாரமும் இல்லாமல் பிள்ளை தேய்ந்துபோவது) என்ற சொல் எனக்குத் தெரியாததில்லை. அது திட்டுகிற சொல் என்று நினைத்திருந்தேன், வியாதியின் பெயர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"காலையில என்னம்மா குடுக்கறே?"

"கஞ்சிங்க."

"அப்புறம்?"

"பொரிங்க."

"மத்தியானம்?"

"ரசஞ்சோறுங்க. அது துன்னலன்னா பொரி."

"அதென்ன எதுக்கெடுத்தாலும் பொரி?"

"கறை ஆவாதுங்களே."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எண்ணெய், நெய், வேர்க்கடலை, ஒண்ணும் கிடையாதா?"

"தறிகிட்ட எண்ணெயா?" என்று கேட்டேன். வைக்கோல் போரில் கற்பூரம் ஏற்றச் சொன்னதைப் போலத்தான் எனக்கு இருந்தது.

எங்கள் வீடுகளில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காத சட்டம் அது. பட்டில் எண்ணெய் பட்டால் போகாது. ஒரு துளி விழுந்தால் முழுப் புடவையும் கழிவு. ஆகவே பகலில் தறியில் உட்காருகிறவள் வடையைத் தொடமாட்டாள், தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாள், கடலை உடைக்கமாட்டாள். தாளிப்பதெல்லாம் பொழுது போன பிறகுதான். நாங்கள் பெரியவர்கள், ராத்திரிச் சாப்பாட்டில் அதை ஈடுகட்டிக்கொள்வோம். வள்ளி விளக்கு வைக்கும்போதே தூங்கிவிடுவாள். அவள் விழித்திருந்த நேரமெல்லாம் தறியின் நேரம். அவள் தின்றதெல்லாம் தறிக்கு ஆகிற உணவு. இதை நான் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கும் புரிந்தது, டாக்டரம்மாவுக்கும் புரிந்தது.

பிறகு அவர் சொன்னார்: "பொரியில பாதி காத்தும்மா. கஞ்சியில முக்காவாசி தண்ணி. வயிறு ரொம்பும், உடம்பு ரொம்பாது. இவ வயிறு இவ கை அளவுதான். அதுக்குள்ள போற ஒவ்வொரு வாயும் கெட்டியா இருக்கணும். எண்ணெய் ஊத்து."

அவர் சொன்ன கஞ்சியை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உதவும். புழுங்கலரிசி, அதில் பாதி பயத்தம்பருப்பு, இரண்டையும் சிவக்க வறுத்து மாவாக்கிக்கொள்ள வேண்டும். வேர்க்கடலையைத் தனியே வறுத்துத் தோல் ஊதி, நறநறப்பே இல்லாமல் மைய அரைத்துக்கொள்ள வேண்டும். மாவைக் கரைத்துக் கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்குக் கிண்டி, கடலை விழுதும் வெல்லமும் போட்டு, இறக்கும்போது ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விட வேண்டும். நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ எது இருக்கிறதோ அது. வாழைப்பழத்தை மசித்துக் கொடு, முட்டை கிடைத்தால் வேகவைத்து நசுக்கிக் கொடு, கீரையை விடாதே என்றார். ஒரே தடவையில் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்கச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். "காய்ச்சல் வந்தாலும் வயித்தால போனாலும் சாப்பாட்டை நிறுத்தாதே."

வேர்க்கடலை வாங்க வள்ளியின் அப்பா சைக்கிளில் வாலாஜாபாத் சந்தைக்குப் போய்வந்தார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "எங்கே குடுப்பே?" என்று மட்டும் கேட்டார்.

"கெணத்தடியில."

"கையி?"

"சீயக்காய் போட்டுக் கழுவிக்கினு வர்றேன்."

"தறி நிக்குமே."

"நிக்கட்டும்."

அவர் மூட்டையைத் தூக்கி அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்தார்.

ஊட்ட ஆரம்பித்தால் உடனே பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். வெகுநாள் காய்ந்த வயிற்றுக்குப் பசி மறந்துபோயிருக்கும். முதலில் வள்ளி வாயையே திறக்கவில்லை. திறந்தால் நாக்கால் வெளியே தள்ளினாள். தள்ளியதை வழித்து மறுபடி வைத்தேன். கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து, வயிற்றில் ஒன்று, மடியில் ஒன்று, ஒரு கிண்ணம் காலியாவதற்குள் முதுகு விட்டுப்போகும். உள்ளே அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கன்னியம்மா வந்து கிண்ணத்தை முகர்ந்துபார்த்துவிட்டு, மாந்தம் (பிள்ளைக்குச் செரிக்காமல் வயிறு உப்பிக்கொள்வது) வரும் என்று சாபம் போலச் சொல்லிவிட்டுப் போவார். மாந்தம் வரவில்லை. எடையும் ஏறவில்லை. ஆஸ்பத்திரித் தராசின் முள் அதே இடத்தில் வந்து வந்து நின்றது. அந்த நாட்களில் நான் கோயில் பக்கம் போகவே இல்லை, அத்தனை கோபம்.

பிறகு ஒரு காலையில் வள்ளி அழுதாள். காய்ச்சலுக்கு அழவில்லை, வலிக்கு அழவில்லை. கிண்ணத்தைப் பார்த்து அழுதாள். நான் மாவைக் கிண்டிக்கொண்டிருக்க, அடுப்பங்கரை நிலைப்படியில் உட்கார்ந்து காலை உதைத்து, தெருவே கேட்க அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பை விட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதையும் தின்றாள்.

அந்தச் சமயத்தில் தறியில் சந்தன நிறப் புடவை ஓடிக்கொண்டிருந்தது, முகூர்த்தத்துக்கு. வெளிர் நிறத்தில் எந்தக் கறையும் பளிச்சென்று தெரியும். ஒரு நாள் வள்ளிக்கு ஊட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவத் திரும்பினேன். பார்த்தால் ஆளைக் காணோம். ஓடிப்போனால், அவள் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு கை நெய்த துணியின் மேல். நான் இழுத்து எடுப்பதற்குள் நான்கு விரல் பதிந்துவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"துன்னாளா?" என்று கேட்டார்.

"முழுசா துன்னுட்டா. கிண்ணத்தையும் நக்கிட்டா."

"உம்" என்று எழுந்துபோய்க் கண்ணாடி வைக்கிற மாடத்திலிருந்து முகப்பவுடரை எடுத்துவந்து கறையின் மேல் தூவி, மெல்லத் தட்டித் தட்டி எடுத்தார். வெகு நேரம் கழித்து, நாடாவை விட்டுக்கொண்டே, "தானா எழுந்து நின்னாளா தனம்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பிள்ளை அதுவரை நின்றதே இல்லை. கறையைப் பார்த்த பதற்றத்தில் இரண்டு பேரும் அதைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

முதலாளி வீட்டில் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதும் கறை கண்ணில் படவில்லை. எந்த ஊரிலோ யாரோ ஒருத்தி மணவறையில் அதைக் கட்டி உட்கார்ந்திருப்பாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

அந்த வாரம் அரைஞாண் கயிறு வள்ளியின் இடுப்பில் அழுத்தியிருந்த தடத்தைப் பார்த்தேன். முடிச்சை அவிழ்த்து ஒரு விரல் தளர்த்திக் கட்டினேன். அவளுக்கு ஒரு வயது முடிந்த பிறகு நான் தளர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

வைகாசிக் கருட சேவைக்கு ஊர் கொள்ளாத கூட்டம். கூட்டம் கலைந்த பிறகு எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகினார்கள். வள்ளிக்கும் காய்ச்சல் கண்டு, கண் சிவந்து, மேலெல்லாம் மணல் தூவியது போல வந்தது. மணல்வாரி (குழந்தைகளுக்கு வருகிற தட்டம்மை). எனக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மை கண்ட வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக் கூடாது. எதிர் வீட்டு ரத்னம்மா பின்கட்டில் இடம் கொடுத்தாள், என்னைத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். வள்ளியைப் பார்த்துக்கொள்ளக் கன்னியம்மா வந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, இமை மூடாமல் வேப்பிலையால் வருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் வாசலிலிருந்து அவருடைய வளைந்த முதுகை மட்டும் நான் பார்ப்பேன்.

ஆனால் அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. இளநீர், நீர்க்கஞ்சி, அவ்வளவுதான். தறிக்குப் பயந்து ஊற்றாத எண்ணெயை ஒரு வழியாக ஊற்ற வைத்தேன், இப்போது ஆத்தாவுக்குப் பயந்து நிறுத்தினார்கள்.

நான் ரத்னம்மா அடுப்பில் கஞ்சி கிண்டி, எண்ணெய் விட்டு, கிண்ணத்தைத் தெரு நடுவில் வைத்துவிட்டு விலகுவேன். வள்ளியின் அப்பா வந்து எடுத்துக்கொண்டு போவார். வாசற்படியில் கன்னியம்மாவின் குரல் கேட்கும்.

"ஆத்தா வந்து உக்காந்துக்கினு இருக்கா, வூட்டுக்குள்ள எண்ணெயா? உனுக்கு இன்னா பித்தாடா ஏகாம்பரம்?"

"டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னாங்கக்கா."

"ஆத்தாளுக்கு அந்த டாக்டரம்மாதான் பதில் சொல்வாளா?"

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலிலேயே நிற்பார். என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் இங்கிருந்து, குடுங்க, குடுங்க என்று கையை ஆட்டுவேன். பிறகு கிண்ணம் படியோரமாகத் தெருவில் வைக்கப்படும். எறும்பு மொய்க்கும்.

ஒரு நாள் அக்கா வேப்பிலை ஒடிக்கப் போன நேரம் பார்த்து, அவர் உள்ளே போய் ஒரே ஒரு கரண்டி ஊட்டினார். வள்ளி சப்புக்கொட்டினாள் என்று பிற்பாடு சொன்னார். மறுநாள் விடியும்போது அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

அவராகவே அக்காவிடம் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மனிதர். அதற்குப் பிறகு கஞ்சியும் நின்றது. வேப்பிலைத் தண்ணீரும் இளநீரும்தான். தெரு நடுவில் நான் வைத்த கிண்ணத்தை எடுக்க அவர் வரவில்லை.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று என்னை வீட்டுக்குள் விட்டார்கள். வள்ளியைத் தூக்கினேன். கயிறு முழங்காலுக்கு நழுவியது.

நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீர் வற்றல் (வயிற்றுப்போக்கில் உடம்பின் தண்ணீரெல்லாம் போய்விடுவது) என்றார் டாக்டரம்மா. கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நம்பிக்கை வைத்திருப்பேன். தாழ்வாரத்துக்கு வந்து எங்கள் இருவரிடமும் நிதானமாகச் சொன்னார்:

"எண்ணெயால வரல. மணல்வாரி வந்தா குடலும் புண்ணாகும், எத்தனையோ பிள்ளைங்களுக்கு இப்படித்தான் போகும். ஒரு கரண்டிக் கஞ்சி யாரையும் ஒண்ணும் செய்யாது. குடுக்காம விட்டதுதான்…"

அதற்கு மேல் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். வள்ளியின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கேட்டீங்களா, எண்ணெயால வரலையாம்" என்றேன். தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில், போய்விட்டாள். அழவில்லை. பழையபடி சமர்த்தாகவே போனாள்.

பிள்ளைத்தாய்ச்சி என்பதால் என்னைக் கூட வரவிடவில்லை. பாலாற்றுப் பக்கம் கொண்டுபோனார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்தார்களா, அதோடு வைத்தார்களா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு மகன் பிறந்தான். குமாரு என்று கூப்பிடுகிறோம். அவனுக்கு முதல் பல் முளைப்பதற்கு முன்பே கடலை வறுத்து வைத்துவிட்டேன். மாதாமாதம் தராசில் போடுகிறேன், யார் சொல்வதையும் காதில் வாங்குவதில்லை. தெருவிலும் இரண்டொரு வீட்டில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. சரியாக நடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இது இவ்வளவுதானா? அரிசியும் பருப்பும் கடலையும் ஒரு கரண்டி எண்ணெயும்தானா? கிடைக்காத மருந்து, கண்டுபிடிக்காத வியாதி என்றால் மனசு ஆறும். எங்கள் வீட்டு மாடத்திலேயே இருந்த எண்ணெய் அது.

வள்ளியின் அப்பா குமாருவுக்கு ஊட்டுவதில்லை. அவன் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். கன்னியம்மா இப்போதும் வருகிறார், வந்தால் குமாருவைத் தொடாமல் தூர உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஒரு நாள் எனக்கு அடக்க முடியாமல் வள்ளியின் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தினி வாட்டிங்க சொல்றது? அது எண்ணெயால இல்ல. டாக்டரம்மா உங்க மூஞ்சிக்கு நேராதானே சொன்னாங்க."

"தெரியும் தனம்" என்றார்.

"தெரிஞ்சா அப்புறம் இன்னா? புள்ளைக்கு ஒரு வாய் குடுக்கறதுதானே?"

"தெரியுது. கை எழும்பணுமே" என்றார்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நோய் வந்த வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் தைரியம் சொல்லிவிட்டுப் போவார்கள், எனக்கு அது வராது. உங்கள் பிள்ளை பிழைக்கும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் கஞ்சியில் எண்ணெய் ஊற்றுங்கள். உங்கள் வீட்டில் எது ஆகாது என்று சொல்லி அதைத் தடுக்கிறதோ, தறியோ, அம்மையோ, மாமியாரோ, அதன் எதிரில் நின்று ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் போனால், அது உங்கள் கையால் போகவில்லை. இதை உங்கள் வீட்டு ஆண்பிள்ளைக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிற்பாடு சொன்னால் ஏறுவதில்லை.

என் விரல்கள் பழைய மாதிரி இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் மடியில் பிள்ளை இருந்தால், பேசுவது போல அதன் மேற்கையை விரலால் வளைத்துப் பார்த்துவிடுகிறேன். சிலர் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார்கள்.

வருடக் கணக்கும் எனக்குக் குழம்பிவிட்டது. வள்ளிக்கு இரண்டு வயது முடியவில்லை, இனி முடியப்போவதும் இல்லை. குமாரு அதைத் தாண்டிவிட்டான். தம்பி அக்காவைவிட மூத்தவனாகிவிட்டான். எங்கள் வீட்டில் கடைக்குட்டி இப்போது அவள்தான்.

அவனுக்குக் கயிறு மாற்றுகிற நாட்களில் நிலைப்படியில் நிறுத்தி முடிச்சை அவிழ்க்கிறேன். வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறான், கயிறு பதிந்து தடம் விழுந்திருக்கிறது. தளர்த்த வேண்டும் என்று தெரிந்துதான் உட்காருகிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் கை முதலில் இறுக்கத்தான் போகிறது.

"யம்மா, நோவுது" என்கிறான்.

அப்புறம்தான் விடுகிறேன்.